கழுவிக் கவிழ்த்த பானை

கிழவர் நல்லவர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதினால் நானே நம்ப மாட்டேன்.

வயதானவர்களை அவர்களுடைய வீட்டுக்கே போய்ப் பராமரிப்பது என் வேலை. குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது, மருந்தை விழுங்குகிறார்களா அல்லது கன்னத்துக்குள் ஒளிக்கிறார்களா என்று பார்ப்பது. ரொறொன்ரோவிலும் அதைச் சுற்றியும் பதினாறு வருடமாக எத்தனையோ வீடுகளுக்குள் போய் வந்துவிட்டேன். கிள்ளுகிற கிழவர்களைக் கண்டிருக்கிறேன். நான் அலுமாரியைத் திறந்ததற்குப் பொலிசைக் கூப்பிட்ட கிழவியையும் கண்டிருக்கிறேன். இவர் அந்த வகையில்லை. ஸ்ரௌவ்வில்லில் புதிதாகக் கட்டிய வீடொன்றில் மகளோடு இருந்தார். நான் உள்ளே போனதும் கதிரையிலிருந்து எழும்பப் பார்ப்பார். பெண் ஒருத்தி அறைக்குள் வந்தால் ஆண் எழும்ப வேண்டுமாம். எழும்ப முடியாது. ஆனாலும் விடமாட்டார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இருத்துவேன். எங்கள் நாள் அப்படித்தான் தொடங்கும்.

அவர் போர்த்துக்கேயர். இளவயதில் கனடாவுக்கு வந்து நாற்பது வருடம் கொங்கிறீற் வேலை செய்தவர். நினைவு கழன்றுகொண்டு வந்தது. பிந்திப் படித்த ஆங்கிலம்தான் முதலில் போகத் தொடங்கியது. ஒருநாள் குளித்து முடிந்ததும் ஈர உடம்போடு எதையோ காட்டி அவருடைய மொழியில் கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது. துவாயைக் கேட்கிறார்! அதற்குப் பிறகு இரண்டு பேரும் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். கதிரை, மேசை, யன்னல், சப்பாத்து, சாப்பிடுகிற பாண். எல்லாம் அவர்களுடைய சொல்லாம். நானூறு வருடத்துக்கு முதல் இலங்கையைப் பிடித்து ஆண்டவர்கள் விட்டுவிட்டுப் போன சாமான்கள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "உங்கட ஆக்கள் எங்களுக்குக் கதிரையத் தந்தானுகள், ஆனா இருக்க விடல்ல" என்று நான் தமிழில் சொன்னேன். அதற்கும் தலையாட்டிச் சிரித்தார்.

குளிர்சாதனப் பெட்டியில் மகள் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். உப்பு குறைவு. பாணைச் சூப்பில் ஊறவைத்துக் கொடுக்கவும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு: கஞ்சி, களி எதுவும் வேண்டாம். ஏன் என்று கேட்டேன். அப்பாவுக்குப் பிடிக்காது, நான் பிறந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் அது இல்லை என்றாள்.

போன பனி மாரியில் அவருக்கு விழுங்குவது கஷ்டமாகிவிட்டது. பாண் தொண்டையில் நின்றது. மெதுவான சாப்பாடு கொடுங்கள் என்று தாதி சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாள் மகள் வேலைக்குப் போயிருந்தாள். பனி கொட்டியது. முதல் நாள் வைத்த சூப் முடிந்துவிட்டது. கிழவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அலுமாரித் தட்டில் சோளமா இருந்தது, மகள் ரொட்டி சுடுவதற்கு வாங்கி வைத்தது. தாளை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் பசியோடு இருக்கும்போது எங்கள் ஊர்க்காரர் தாளில் எழுதியிருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. பசி வந்தால் பிடிக்காததும் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு தண்ணீரைக் கொதிக்க வைத்து மாவைத் தூவி அகப்பையால் துழாவத் தொடங்கினேன்.

கிழவர் வோக்கரைத் தள்ளிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார். அடுப்பைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. மூச்சு முட்டுகிறது என்று நினைத்து ஓடினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஆங்கிலத்தில், "நாங்கள் அதைச் சாப்பிட்டோம்" என்றார்.

எதை என்று கேட்டேன்.

"அந்தப் பானையில் இருந்ததை. அடுப்பில் இருந்தது. சூடாக இருந்தது."

கதிரையில் இருத்தினேன். அரை மணித்தியாலம் சொன்னார். போர்த்துக்கல் இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்து, ஆபிரிக்காவில் அவர்கள் பிடித்து வைத்திருந்த நாடொன்றுக்குச் சண்டைக்கு அனுப்பிய காலம். அவருக்கு இருபது வயது. போராளிகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற ஊர் என்று சொல்லி ஒரு சின்ன ஊருக்கு இவர்களை அனுப்பினார்களாம். காலை நேரம். ஊரில் இருந்தவர்கள் எல்லாரையும் மரவள்ளித் தோட்டத்துக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். சுவர் கட்ட மண் எடுத்துப் பள்ளமாய்ப் போன கிடங்கு ஒன்று அங்கே இருந்தது. பக்கத்தில் மூன்று மாமரம். கிழவர் விரலால் மேசையில் மூன்று தரம் தொட்டுக் காட்டினார்.

"நீங்கள் சுட்டீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் ரேடியோ காவினேன்" என்று முதுகைக் காட்டினார்.

இன்னொரு தரம் கேட்டேன். இன்னொரு தரமும் ரேடியோ காவினேன் என்றார். உலகத்தில் நடந்த எல்லாச் சண்டையிலும் எல்லாரும் ரேடியோதான் காவியிருக்கிறார்கள் போல.

முடிந்த பிறகு, முதல் நாளிலிருந்து சாப்பிடாததால், கடைசி வீட்டில் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த களியை ஐந்து பேர் சுற்றியிருந்து தின்றார்களாம். மற்றவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். இவர் மட்டும் அந்தப் பானையை ஓடைக்குக் கொண்டுபோய் மண் போட்டுத் தேய்த்துக் கழுவி, வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாராம்.

"அடுத்தவர் வீட்டில் சாப்பிட்டால் பாத்திரத்தைக் கழுவி வைக்க வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சரிதானே?" என்று கேட்டார்.

அடுப்பில் களி அடிப்பிடித்து மணத்தது. போய் நிறுத்தினேன். அந்தப் பானையைக் கழுவாமல் அப்படியே விட்டேன்.

என் அண்ணனைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் கழுவவில்லை என்று விளங்காது. எங்கள் ஊர் மட்டக்களப்புப் பக்கம். எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்குப் பதினேழு. அம்மாவின் செல்லம். தின்ற கோப்பையிலேயே கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போகிறவன். ஒருநாள் காலை இராணுவம் ஊரை வளைத்து எல்லாரையும் பள்ளிக்கூட வளவுக்கு வரச் சொன்னது. அண்ணனுக்குக் காய்ச்சல். இளந்தாரிப் பிள்ளை, காட்டினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அம்மா அவனை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடுப்பில் சோறும் பருப்பும் இருக்கிறது, தின்றுவிட்டுப் படு என்று சொல்லி எங்களைக் கூட்டிக்கொண்டு போனா. பின்னேரம் திரும்பி வந்தோம். அண்ணன் இல்லை. பானை வெறுமையாகக் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. அம்மா மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ட புள்ள தின்டுட்டுத்தான் போயிருக்கான்" என்றா.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் வீடு முப்பத்தைந்து வருடம் ஓடியிருக்கிறது. காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்த ஆணைக்குழு எல்லாவற்றுக்கும் அம்மா போனா. நானும் கூடப் போயிருக்கிறேன். பெயர், வயது, உடுத்திருந்த சாரத்தின் நிறம் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் "தின்டுட்டுத்தான் போனவன் ஐயா" என்று சொல்லுவா. எழுதுகிறவர் அதை மட்டும் எழுத மாட்டார். எனக்கு அவர்கள் மேல் வந்த கோபம் அதற்காகத்தான்.

இப்போது ஸ்ரௌவ்வில் குசினியில் நின்று விளங்கிக்கொண்டேன், எங்கள் சோற்றை யார் தின்றது என்று.

பகல் முடியும்போது கம்பனியின் செயலியில் அன்றைய அறிக்கையை நிரப்ப வேண்டும். சாப்பாடு: எடுக்கவில்லை. மலசலம்: வழமை. மனநிலைக்கு மூன்று பெட்டி இருக்கும், அமைதி, கோபம், குழப்பம். குழப்பம் என்றதைத் தட்டினேன். கிழவருக்கா எனக்கா என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லத் தெரியாது.

அவரை வெறுக்க வேண்டும் என்று நினைத்தேன். உண்மையாக முயற்சி செய்தேன். அடுத்த நாள் குளிக்க வார்க்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் குளிராக விட்டேன். அவர் உடம்பு சிலிர்த்தது. உடனே சூடாக்கிவிட்டேன், எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நகரத்தின் நடுவில் பனிக்குள் பதாகை பிடித்துக்கொண்டு, கொலை செய்த இராணுவத்தைக் கூண்டில் ஏற்று என்று தொண்டை கிழியக் கத்தினவள் நான். கூண்டில் ஏற வேண்டியவன் என்னைக் கண்டதும் கதிரையிலிருந்து எழும்பப் பார்ப்பான் என்று அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள் இருப்பாள். அந்தச் சண்டையில் நடந்தவற்றைப் பற்றி, அதில் இருந்த ஆட்களிடமே கேட்டுப் பதிவுசெய்கிறவளாம். கையில் ஒரு கடிதம். மூன்று வருடத்துக்கு முதல், தெளிவாக இருந்தபோது, கிழவர் தன் கைப்பட அவளுக்கு எழுதியது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், வாருங்கள் என்று. அவள் வந்து சேர்வதற்குள் அவருடைய நினைவு போய்விட்டது. மகள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். கிழவர் ஒரு மணித்தியாலம் உதைபந்தாட்டத்தைப் பற்றியும், சீமெந்து இறுகுவதற்கு முதல் மழை வந்த ஒரு நாளைப் பற்றியும் சொன்னார். அவள் அந்த ஊரின் பெயரைச் சொன்னபோது நித்திரையாகிவிட்டார்.

"பார்த்தீர்கள்தானே," என்றாள் மகள். "எல்லாவற்றையும் கலந்துவிட்டார். தொலைக்காட்சியில் பார்த்ததையே தனக்கு நடந்தது என்று சொல்கிறவர். இனி வேண்டாம்." அவளையும் குறைசொல்ல என்னால் முடியவில்லை. அவளுக்கு அவர் அப்பா.

அந்தப் பெண் வாசலில் குனிந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து கேட்டாள்: "என் அம்மா அந்த ஊர். ஒன்பது வயதில் தண்ணீர் எடுக்கப் போனதால் தப்பினவ. அப்படி ஒரு ஊரே இருக்கவில்லை என்றுதான் அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. இவர் உங்களிடம் எப்போதாவது ஏதாவது சொன்னாரா?"

"தெரியாது," என்றேன்.

யோசித்துச் சொன்னது இல்லை. வாய் தானாகச் சொன்னது. எங்கள் ஊரில் பிள்ளைகள் அ ஆவன்னாவுக்கு முதல் படித்த சொல் அது. யார் வந்தது? தெரியாது. யாரைக் கண்டாய்? காணல்ல. கையில் தாளும் பேனையுமாக ஒருவர் கேட்டால், சீருடை போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், எங்கள் நாக்கு வேறு சொல்லைத் தேடாது. அவள் நன்றி சொல்லிவிட்டுப் பனிக்குள் நடந்து காருக்குப் போனாள். ஆணைக்குழுவின் வாசலால் அம்மா வெளியே வந்து நடந்த நடை அதுதான். நான் கதவைச் சாத்தினேன்.

வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணம். என்னை நீர் என்றுதான் கூப்பிடுவார், கோபம் வந்தாலும் மரியாதை குறையாது.

"உமக்கேன் உந்த வேலை?" என்றார். "வீட்டுக்க கேட்டதை வெளிய சொல்லமாட்டன் எண்டு கையெழுத்து வைச்சிட்டுத்தானே வேலைக்குப் போனனீர்? வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடிக்க விட்டிட்டு, பிறகு குத்துது குடையுது எண்டு என்னட்டச் சொல்லாதையும்."

"அது வேலியால போகல்ல. அடுப்படிக்கு வந்து என்ட கையப் பிடிச்சது" என்றேன்.

"மூளை கலங்கின மனுசன் சொன்னதை ஆர் நம்புவினம்?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நான் அண்ணனின் பானையைத்தான் அவருடைய வாயில் கேட்டேனோ? அவர் வேறு எதையோ சொல்ல, நான் எனக்கு வேண்டியதைக் கோத்துக்கொண்டேனோ? பத்து நாள் இப்படியே திரிந்தேன். ஒரு கிழவியின் மருந்தை இரண்டு தரம் எடுத்து வைத்துவிட்டு, கொடுக்கப் போகும்போதுதான் கண்டுபிடித்தேன். அதற்கிடையில் கிழவருக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து றிச்மண்ட் ஹில்லில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது எந்த மொழியும் இல்லையாம். சொல்கிறேன் என்று எழுதிக் கொடுத்த மனிதன் சொல்ல முடியாமல் கிடக்கிறான், சொல்லக் கூடியவள் தெரியாது என்றுவிட்டு நிற்கிறேன். அந்தப் பெண் அன்றைக்கு வாசலில் தந்துவிட்டுப் போன தொலைபேசி எண் அட்டை என் மேலங்கிப் பையில் கிடந்தது. எடுத்து அழைத்தேன்.

யூனியன்வில்லில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தோம். அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று முதலில் சொன்னேன். அவள் முகத்தில் கோபம் வந்ததும் தெரிந்தது, போனதும் தெரிந்தது. ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தாள். மரவள்ளித் தோட்டம், கிடங்கு, மூன்று மாமரம், ரேடியோ. அவருடைய மனநிலைக்குக் குழப்பம் என்று நானே தட்டியதையும் சொன்னேன், மறைத்தால் பிறகு அதையே பிடித்துக்கொண்டு எல்லாம் பொய் என்பார்கள். பானைக்கு வந்தபோது அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"கடைசி வீடா?"

"கடைசி வீடு."

"கொதித்துக்கொண்டிருந்ததா?"

"அப்படித்தான் சொன்னார்."

அவள் கோப்பியைத் தள்ளி வைத்தாள். "அது அம்மாவின் வீடு. தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வா, களி இறக்கப் போகிறேன் என்று அம்மம்மா சொல்லி அனுப்பினவவாம். அம்மா இதை எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொன்னதில்லை. இவருக்குத் தெரிய வழியில்லை."

அப்படியென்றால் கிழவர் கலக்கவில்லை. நானும் கோக்கவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அந்த நல்ல மனிதர்தான் செய்தது, இனி வேறு ஆள் இல்லை. நான் சொன்னதற்குச் சாட்சியாக இரண்டு தாளில் கையெழுத்து வைத்தேன். வேலை போனால் போகட்டும். அவள் பானையைப் பற்றிய வரியை எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தாள்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கிடங்கைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் அந்தக் களியைத் தின்றார்கள் என்றதை எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் விடட்டுமா?"

எனக்குத் தெரியாது என்றேன். இந்தத் தரம் உண்மை.

அடுத்த நாள் றிச்மண்ட் ஹில்லுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அவருக்கு எதிராகக் கையெழுத்து வைத்ததைச் சொல்லவா, மன்னிப்புக் கேட்கவா, திட்டவா, ஒன்றும் எனக்கே பிடிபடவில்லை. சக்கரக் கதிரையில் யன்னலோடு விட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் ஊன்றி எழும்பப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இருத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குத் தொலைபேசி எடுப்பேன். அம்மா என் தங்கச்சியோடு இருக்கிறா. அந்த ஞாயிறு மழை, வயல், முழங்கால் நோ எல்லாம் முடிந்த பிறகு, வேறு யாருடைய கதையையோ சொல்வது போல, கிழவரைப் பற்றிச் சொன்னேன். அண்ணனின் பெயரை எடுக்கவில்லை. "தண்ணிக்குப் போய்த் தப்பின புள்ள இப்ப அறுவது வயசு மனுசி. அவட வீட்டுப் பானையத்தான் தின்டிருக்கானுகள். அத அவக்குச் சொல்றதா விடுறதா எண்டு மகள்காரி கேக்குது, அம்மா. எனக்குச் சொல்லத் தெரியல்ல."

அங்கே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

"பானையக் கழுவி வச்சானாமா?" என்று கேட்டா அம்மா.

"ஓம்."

"கவுத்தா?"

"ஓம்மா. கவுத்துத்தான்."

"சொல்லச் சொல்லுகா. அந்த மனுசிக்கு அது எப்பவோ தெரிஞ்சிருக்கும்." பிறகு, பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வது போலவே, "நம்மட பானையும் அப்பிடித்தானே கிடந்தது. உன்ட அண்ணன் எந்தக் காலத்துல பானை கழுவினவன்?" என்றா.

"அப்ப ஏன்மா இவ்வளவு காலமும் தின்டுட்டுத்தான் போனான் எண்டு சொன்னீங்க?"

"நீ மூணு நாளா ஒண்டும் தின்னாமக் கிடந்தாய் மகள்," என்றா அம்மா. "அவன் தின்டுட்டுத்தான் போனான், நீயும் தின்னு எண்டன். அப்பதான் வாயத் திறந்தாய்."